மேத்ஸ் குரூப்புக்கு மட்டும்தான் என்று சொன்னேன்

என் மகளுக்குச் சென்னை ஐஐடியின் ஒரு படிப்புக்கு விண்ணப்பம் போட்ட அதே சமயத்தில், அதே படிப்பைப் பற்றிக் கேட்டு வந்த என் மாணவியிடம் "அதெல்லாம் மேத்ஸ் குரூப்புக்கு மட்டும்தான் கண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் காமர்ஸ் குரூப். நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்ன தப்புத் தகவல் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பணம் கட்டிய ரசீது அன்றைக்கு என் போனில் இருந்தது. யார் யார் எழுதலாம், என்ன தகுதி என்று வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கட்டியிருந்தேன்.

இது நடந்தது 2023-24 கல்வியாண்டில். திருப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், தப்பு பள்ளிக்கூடத்துடையது அல்ல. நான் அங்கே கணினி ஆசிரியர், அரசாணை மொழியில் கணினிப் பயிற்றுநர். ஹைடெக் லேப் சாவியும் என்னிடம்தான். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள். பூர்வீகம் மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் என்று இருக்கும். இப்போது பீகார், ஒடிசா பிள்ளைகளும் தமிழில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பரீட்சை லீவும் வந்தால் பாதிப்பேர் கை மடிக்கவோ பிசிர் வெட்டவோ போய்விடுவார்கள். சனிக்கிழமை சம்பளம் போடும் ஊர் இது. பையில் காசு வந்த பிறகு திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி எழுந்து போனவர்களின் வருகைப் பதிவை முடித்துக் கொடுப்பதும் நான்தான்.

அந்தப் படிப்பைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் நான் செய்தது என்னவென்று புரியும். 2020 ஜூன் 30 அன்று சென்னை ஐஐடி டேட்டா சயின்ஸில் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றை அறிவித்தது. ஜேஇஇ கிடையாது. இத்தனை இடம்தான் என்ற கணக்கும் கிடையாது. விண்ணப்பித்தவர்களுக்கு முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துவார்கள்: ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிவழிச் சிந்தனை. வாராவாரம் அசைன்மென்ட். அதில் குறைந்தபட்ச மார்க் வந்தால் நேரில் போய் நான்கு மணி நேரத் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறியவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்பதில்லை. இதில் எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான விஷயம், பள்ளியில் இருக்கும்போதே எழுதலாம் என்பது. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எழுதியவர்கள் விண்ணப்பித்து, தேறி, இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிளஸ் டூ படிக்கலாம். முடித்ததும் வகுப்பு ஆரம்பம்.

சேர்ந்த பிறகு எல்லாம் கிரெடிட் கணக்கு. எட்டுப் பாடம், 32 கிரெடிட் முடித்தால் அடிப்படை நிலைச் சான்றிதழ். அதற்கு மேலே டிப்ளமோ. 114 கிரெடிட்டில் பி.எஸ்சி. 142 வரை போனால் நான்காண்டு பி.எஸ். நடுவில் எங்கே நின்றாலும் அதுவரை படித்தது வீணாகாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் என்பதை நாமே முடிவு செய்யலாம். படிப்பை நடுவில் விடுவதையே வழக்கமாக வைத்திருக்கும் எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை. அந்த வருஷம் விண்ணப்பக் கட்டணம் 3,000 ரூபாய்; எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 1,500. சேர்ந்த பிறகு வருமானச் சான்றைக் காட்டினால் கட்டணத்தில் பாதியோ முக்காலோ தள்ளுபடி. இதற்கென்று தாட்கோ தனியாக அறிவிப்பு கொடுத்துப் பிள்ளைகளைத் தேடியது. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபடியே கல்லூரிக் கணக்கை ஆரம்பிப்பது அமெரிக்காவில் பழைய வழக்கம். கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955-லேயே உயர்நிலைப் பள்ளிகளில் தன் பாடங்களை நடத்த ஆரம்பித்துவிட்டது. டெக்ஸஸில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன் மகள், பள்ளி முடிக்கும்போது கல்லூரியின் முதல் வருஷத்தில் பெரும்பகுதியை முடித்திருந்தாள். அந்த மாநிலம் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பாடங்களைக் கட்டணமில்லாமல் படிக்க வழி செய்தது. அண்ணன் இதைப் போனில் சொன்னபோது, "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் எங்கே" என்று பெருமூச்சு விட்டவன் நான். அதற்கு ஓரளவு நெருங்கிய ஒன்று நம் மாநிலத்திலேயே வந்தபோது அதை என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லமாட்டேன். அம்மா உசிலம்பட்டிப் பக்கம். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். அப்பா நிட்டிங்கில் நைட் ஷிப்ட். பிறந்து வளர்ந்தது இங்கே என்பதால் வீட்டில் மதுரைப் பேச்சும் வெளியே 'ஏனுங்க சார்' பேச்சுமாக இருப்பாள். காலாண்டில் அக்கவுண்டன்சியில் 38. ஆகவே 'மெல்லக் கற்போர்' பட்டியலின் ஓரத்தில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு, பாஸ் ஆகும் அளவுக்கு மட்டும் சுருக்கிய கையேடு, வாராவாரம் டெஸ்ட்.

பிளஸ் ஒன்னில் ஓபன் ஆபீஸ் கால்க் ஒரு பாடம். பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வி வரும் என்பதற்காக நடத்துவோம். பிள்ளைகளும் அதற்காகவே படிப்பார்கள். இவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அம்மா தினமும் ஒரு நோட்டில் கணக்கு எழுதுவார்: தேதி, பண்டில் நம்பர், சைஸ், செக் செய்த பீஸ், ஆல்டர் எத்தனை, ரிஜெக்ட் எத்தனை, என்ன காரணம். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது கான்ட்ராக்டர் ஒரு எண் சொல்வார், நோட்டு ஒரு எண் சொல்லும், அதற்காகத்தான் அந்த நோட்டு. மகள் பல மாதத்து நோட்டை லேப் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று தனித்தனி நிறம். காரணத்துக்கு ஒரு பத்தி: ஆயில் கறை, ஓட்டை, ஸ்கிப், ஷேடு.

ஒருநாள் லேபில் கூப்பிட்டுக் காட்டினாள். ஒன்றரை ஷிப்ட் ஓடிய நாள்களில், கடைசி மூன்று மணி நேரத்தில் வந்த பண்டில்களில் ஆல்டர் ஏறுகிறது. குறிப்பிட்ட ஒரு மிஷினில் தைத்தவை என்றால் மிஷின் கோளாறு எனலாம். எல்லா மிஷினிலும் ஏறுகிறது. "ஆளு அசந்துர்றாங்க சார். ஆனா ஆல்டர்னு பிடிக்கிறது டெய்லர் காசைத்தானுங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "மொத்தமா எண்ணினா தெரியலீங்க சார். பீஸ் ஜாஸ்தி ஓடுற நாள்ல ஆல்டரும் ஜாஸ்தியாத்தானே இருக்கும். நூறு பீசுக்கு எத்தனைன்னு போட்டப்பத்தான் தெரிஞ்சுது."

புள்ளியியலில் முதல் பாடமே அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த இடத்துக்கு ஒரு பிள்ளை தானாக வந்து நிற்பதை என் சர்வீஸில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா இருக்கு. பிரிண்ட் எடுத்துறாதே, டோனர் தீந்துரும்."

அதற்குச் சில வாரம் கழித்து வந்து கேட்டாள். அம்மா வேலை செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் அக்கா ஒருவர் அந்தப் படிப்பைப் படிக்கிறாராம். அவர் இந்தப் பிள்ளையின் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, நீ பிளஸ் டூ படிக்கும்போதே எழுதலாம், உங்கள் கம்ப்யூட்டர் சாரைக் கேள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாள். நான்கு பாடம், நான்கு வாரம், கோயம்புத்தூரில் தேர்வு. நான் சீட்டை வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அப்புறம்தான் அந்த மேத்ஸ் குரூப் பதில். அதோடு நிறுத்தவில்லை. "முதல்ல அக்கவுண்டன்சியில பாஸ் ஆகுற வழியப் பாரு" என்றும் சேர்த்துக்கொண்டேன். "சரிங்க சார்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் வெப்சைட்டைப் பார்த்துச் சரிபார்த்திருக்கலாமே என்று இந்தக் கதையைச் சொன்ன ஒரே நண்பர் கேட்டார். கையில் போன் இருந்தது, நெட் இருந்தது, உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டர் வாத்தியார் கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிச் சொன்னதை எந்தப் பிள்ளை சரிபார்க்கும்? அந்த மெர்ச்சண்டைசர் அக்கா சொன்னதும் என் சொல்லும் முரண்பட்டபோது, அக்காதான் தப்பாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்திருப்பாள். என் சம்பளமே அந்த நம்பிக்கைக்குத்தான்.

ஏன் சொன்னேன்? காரணங்களை வரிசையாக வைத்துக்கொண்டுதான் நடமாடினேன். யாராவது கேட்டால் எடுத்து நீட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை.

முதல் காரணம் ரிசல்ட். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் திருப்பூர் மாவட்டம் 2019-லும் 2020-லும் மாநிலத்தில் முதலிடம். 2023-ல் விருதுநகர் 97.85 சதவீதம், நாங்கள் 97.79. வெறும் 0.06-ல் இரண்டாமிடம். அடுத்த வருஷம் முழுக்க அந்த 0.06-ஐத்தான் பேசினோம், கூட்டம் போட்டுப் பேசினோம், டீ குடிக்கும்போது பேசினோம், லீவு கேட்டால் அதைச் சொல்லி மறுத்தோம். 2024 மே 6 அன்று ரிசல்ட் வந்தது: 97.45, முதலிடம். மத்தாப்புக் கொளுத்தாத குறை. என் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. சான்றிதழ் வாங்கினேன், மேடையில் போட்டோ எடுத்துக்கொண்டேன். பார்டரில் இருக்கும் ஒரு பிள்ளை நான்கு வாரம் வேறு பாடத்தில் மூழ்கி அக்கவுண்டன்சியில் போய்விட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் இருந்தது நிஜம். ஆனால் இந்தப் பயம் எனக்கு என் மகள் விஷயத்தில் வரவே இல்லை. அவளுக்கும் அதே மார்ச்சில்தான் பொதுத்தேர்வு. வேறு பள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே அவள் ஃபெயிலானால் என் சதவீதம் குறையாது.

இரண்டாவது, சோம்பேறித்தனம். ஒருத்திக்கு ஆரம்பித்தால் பத்துப் பேர் வருவார்கள். போட்டோ, கையெழுத்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பாதிப் பேருக்கு இமெயில் பாஸ்வேர்ட் மறந்திருக்கும். ஓடிபி அப்பா போனுக்குப் போகும், அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். எமிஸ் பதிவேற்றம், நலத்திட்டப் பட்டியல் என்று ஏற்கெனவே கழுத்து வரை வேலை. இதைச் சொன்னால் எந்த ஆசிரியரும் தலையாட்டுவார். நானும் அதனால்தான் இந்தக் காரணத்தை முன்னால் வைத்திருந்தேன்.

மூன்றாவதுதான் எழுதக் கை வராதது. அன்று சாயங்காலம் வீட்டில் என் மகள் இரண்டாவது வார அசைன்மென்ட்டில் இருந்தாள். புள்ளியியல். சதவீதத்துக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தில் தடுமாறினாள். மொத்த எண்ணிக்கையை வைத்துப் பதில் போட்டுத் தப்பாகிவிட்டது. அவளுக்கு விளக்க எனக்கு உடனே வந்த உதாரணம், செக்கிங் பண்டிலும் நூறு பீசுக்கு எத்தனை ஆல்டர் என்பதும். அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை. "சூப்பர்ப்பா" என்றாள் மகள். என் மனைவி சமையலறையிலிருந்து, "உங்க ஸ்கூல் பிள்ளைங்களும் எழுதுறாங்களா?" என்று கேட்டாள். "அதுங்களுக்கு ஆர்வமில்ல" என்றேன்.

அந்தத் தேர்வில் இந்தப் பெண் தேறி என் மகள் தேறாமல் போனால் என்ன ஆகும் என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. வெளிச்சமாக இல்லை, ஆனால் இருந்தது. இடத்துக்குப் போட்டியே இல்லாத தேர்வு அது; அவள் எழுதியிருந்தால் என் மகளுக்கு ஒரு மார்க்கும் குறைந்திருக்காது. அதனால்தான் இதைப் பொறாமை என்றுகூடச் சொல்ல முடியவில்லை. செக்கிங் அம்மாவின் மகளும் என் மகளும் கோயம்புத்தூரில் ஒரே ஹாலில் உட்காரக்கூடாது என்று இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நானே ஒரு கைத்தறி நெசவாளியின் மகன்.

இந்த ஊர்ச் செக்கிங் டேபிளில் ஒரு பீஸைத் தள்ளுவதென்றால் பழுது இருக்கும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். டெய்லர் அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரலாம், இது கறையில்லை நூல் பிசிர் என்று வாதாடலாம். நான் தள்ளியபோது ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பழுது அவள் குரூப்பில் என்று கைகாட்டிவிட்டேன். அது அவளால் மாற்ற முடியாத ஒன்று என்பதால் வாதாடவும் வழியில்லை.

என் மகள் தேர்வில் தேறினாள். பிளஸ் டூ முடித்து இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்ததும் இதில் சேரவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம், யுஜிசி 2022-லேயே ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். "போதும்ப்பா" என்றுவிட்டாள். நான் கட்டிய 3,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பெண் தாள் மிச்சம்.

இந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் பாஸ். அக்கவுண்டன்சியில் 61. அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று இதையும் ஒரு சமாதானமாக வைத்திருந்தேன். அந்தப் படிப்புக்கு வயது வரம்பே இல்லை, இப்போதும் சேரலாம் என்பது இன்னொரு சமாதானம். சேரலாம். ஆனால் பதினேழு வயதில், அந்தத் தாளைத் தானாகப் போட்டுப் பார்த்த சூட்டில் இருந்தவளிடம், உனக்கு இது இல்லை என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். அதைத் தாண்டி வருவது அவள் பாடு.

ஒருதடவை செய்தது போதாதென்று அடுத்த வருஷமும் செய்தேன். 2024-ல் சென்னை ஐஐடி, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கென்றே எட்டு வாரச் சான்றிதழ் படிப்புகளை அறிவித்தது. ஒன்று டேட்டா சயின்ஸும் செயற்கை நுண்ணறிவும், இன்னொன்று எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ். கட்டணம் 500 ரூபாய். இது கிரெடிட் படிப்பு இல்லை, ருசி காட்டுவது. ஆனால் பிள்ளை தனியாகப் போய்ச் சேர முடியாது, பள்ளி பதிவு செய்தால்தான் முடியும். செப்டம்பர் 30 கடைசி நாள் என்று வாட்ஸப் குழுவில் வந்தது. எச்.எம். அம்மா, "நீங்களே பாத்துக்குங்க சார்" என்று என்னிடம் விட்டார். நான் பார்த்துக்கொண்டேன். அதாவது, காலாண்டு மார்க் பதிவேற்றத்துக்குக் கீழே அந்தச் செய்தி மூழ்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கேட்டு வரவும் ஆளில்லை. யாருக்கும் தெரியாதே.

கல்விக்கொள்கை பற்றி வாய் கிழியப் பேசுபவன் நான். 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசியக் கிரெடிட் கட்டமைப்பை வெளியிட்டபோது, பள்ளி வகுப்புக்கும் கிரெடிட்டா, முப்பது மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட்டா, எல்லாம் பாதியில் அனுப்பி வைக்கிற ஏற்பாடு என்று சங்கக் கூட்டத்தில் பேசினேன். அதில் பாதியை இன்றும் நம்புகிறேன். 2025 ஆகஸ்ட் 8 அன்று நம் அரசு தன் கல்விக்கொள்கையை வெளியிட்டு, பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டபோது கைதட்டினேன். நம் மாநிலத்திலும் இப்படிக் கணக்கை எடுத்துச் செல்லும் வழிகள் ஏற்கெனவே உண்டு: பிளஸ் டூவில் உரிய பாடங்களைப் படித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு போகலாம், பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐ முடித்தவன் தமிழும் ஆங்கிலமும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணை. இந்த ஊர் முதலாளிகளே 1997-ல் முதலிப்பாளையத்தில் பின்னலாடைக்கென்று நிஃப்ட்-டீ கல்லூரியைக் கட்டிக்கொண்டார்கள். ஆக வழி இல்லாத ஊரில்லை இது. மேலே யார் எந்தக் கொள்கையை எழுதினாலும், கடைசியில் அது ஒரு வாத்தியார் நோட்டீஸ் போர்டில் குத்துகிற குண்டூசியில் வந்து நிற்கிறது. அந்த இடத்தில் நான் இருந்தேன். மேடையில் இதையெல்லாம் பேசியபோது ஒருவரும் என்னிடம் "உங்க ஸ்கூல்ல எத்தனை பேர் எழுதினாங்க சார்" என்று கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஊர் நிலவரம் மாறியது. ஆர்டர் நின்ற கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது, ஒரு ஷிப்ட் வாரத்தில் சில நாளானது. பெற்றோர் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட ஆள் அதிகம் வந்தார்கள்; வேலை இருந்தால் யார் வருவார்? அந்தக் கூட்டத்தில்தான் அவளை மறுபடி பார்த்தேன். தம்பி எங்களிடம் பிளஸ் ஒன், அவனும் காமர்ஸ். அம்மாவுக்குப் பதில் இவள் வந்திருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவள் நின்று, "சார், தம்பிக்கு அந்த ஐஐடி பரீட்சையப் பத்திச் சொல்லிருங்க சார். காமர்ஸ் குரூப்பும் எழுதலாமாம்" என்றாள்.

குரலில் ஒன்றும் இல்லை. குத்தல் இருந்திருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை. "ஆமா கண்ணு, இப்ப மாத்திட்டாங்க" என்றேன்.

"அப்படீங்களா சார்" என்றாள். நம்பினாளா, தெரியாது. அவள் சொன்ன 'எழுதலாமாம்' யாரிடம் கேட்டது, எப்போது கேட்டது, நான் சொன்ன வாரமே அந்த மெர்ச்சண்டைசர் அக்காவிடம் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறமும் சும்மா இருந்தாளா என்பதெல்லாம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் என் பொய்யை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தப் பத்திரிகை அவள் கையில் போய்ச் சேரலாம். சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல முடியாதவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போட்டேன். எந்த குரூப்பும் எழுதலாம் என்பதைப் பெரிய எழுத்தில், தொழிற்பிரிவு உள்பட. தம்பிக்குப் பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் என்பதால் அவனைத் தேதி குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அக்கா சொல்லிருச்சுங்க சார்" என்றான். பிளஸ் டூவில் பெயர் கொடுத்தவர்களில் நான் எதிர்பார்த்த முதல் வரிசைப் பிள்ளைகள் குறைவு. அவர்கள் எல்லாம் நீட், ஜேஇஇ கோச்சிங்கில் இருக்கிறார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் லீவு நாளில் கம்பெனிக்குப் போகிறவர்கள். எச்.எம். அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதனால ரிசல்ட் ஒண்ணும் அடிவாங்காதுல்ல சார்?" என்று கேட்டார். "வாங்காதுங்க மேடம்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? பட்டியலில் இருவர் காலாண்டில் அக்கவுண்டன்சியில் போனவர்கள்.

அவர்கள் இருவரையும் தனியே கூப்பிட்டேன். திருந்திவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை, ஏனென்றால் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நான் சொன்னது, "அரையாண்டு முடியட்டும், மார்க்கைப் பாத்துட்டு உங்க ரெண்டு பேருக்கும் போடலாம்" என்பதுதான். ஒருவன் தலையாட்டினான். இன்னொருவன் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். அப்பாவுடைய கம்பெனி லெட்டர்பேடின் பின்பக்கம் எல்லாத் தேதியையும் எழுதி வைத்திருந்தான்.

"கடைசித் தேதி அரையாண்டுக்கு முன்னாடியே முடியுதுங்க சார்" என்றான்.

லேபைத் திறந்து இருவருக்கும் அன்றைக்கே போட்டோம். ஓடிபி வரத்தான் நேரமானது. அவன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.